பெயரையா, குரலையா, அலைவரிசையையா? சரியும் பேச்சு வானொலிக்கு முன்னுள்ள வழிகள்

2022 அக்டோபர் 6 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கே.ஜி.ஓ. 810 வானொலி நிலையம், நேயர்களுக்கு முன்னறிவிப்பு எதுவும் தராமல் தன் பேச்சு நிகழ்ச்சிகளை நிறுத்தியது. சில நாட்கள் பணத்தைப் பற்றிய பாட்டுகள் மட்டும் சுற்றிச் சுற்றி ஓடின. அக்டோபர் 10 முதல் அதே அலைவரிசையில் 'தி ஸ்ப்ரெட்' என்ற பெயரில் விளையாட்டுப் பந்தயம் பற்றிய நிலையம் வந்தது. 1970களின் கடைசியிலிருந்து சுமார் 30 ஆண்டுகள் அந்தப் பகுதியின் முதலிடத்தில் இருந்த நிலையம் அது. அதே ஆண்டு மார்ச் 21 அன்று நியூசிலாந்தில் 'டுடே எஃப்.எம்.' புதுப் பெயர், புதுக் குரல்களோடு தொடங்கியது. 2023 மார்ச் 30 அன்று மூடப்பட்டது. ஓர் ஆண்டும் ஒன்பது நாட்களும்தான் அதன் ஆயுள்.

ஒன்றில் நடப்பு அரசியல் பேச்சைக் கைவிட்டார்கள். மற்றொன்றில் பேச்சை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றினார்கள். இவ்விரண்டைத் தவிர வேறு வழிகளும் உண்டு. நேயர் குறையும் வணிகப் பேச்சு வானொலி ஒன்றின் முன் இருக்கும் வழிகளை எடைபோடுவதே இக்கட்டுரை. தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி இல்லை, ஆகாசவாணியின் செய்தியறிக்கையை அப்படியே ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். அதனால் நாள் முழுக்க நடப்பு அரசியலை அலசி, நேயர்களைத் தொலைபேசியில் வாதாட விடும் வணிக வானொலி என்ற தொழிலே இங்கு வளரவில்லை. கீழே வரும் எடுத்துக்காட்டுகள் பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து.

முதலில் எது பழுது என்று பார்க்க வேண்டும்

பேச்சு வானொலி நேயரின் பழக்கம் மூன்று ஆணிகளில் தொங்குகிறது: கார் வானொலியில் விரல் போகும் இடம், நிலையத்தின் பெயர், காலையில் பேசும் குரல். மூன்றும் ஒரே வலிமை உடையவை அல்ல. குரல்தான் ஆழமாக அறையப்பட்டது. சிட்னியின் காலைத் தொகுப்பாளர் ஆலன் ஜோன்ஸ் 2002இல் 2யூ.ஈ. நிலையத்திலிருந்து போட்டி நிலையமான 2ஜி.பி.க்குப் போனபோது நேயர்களும் கூடவே போனார்கள், இரு நிலையங்களின் இடங்களும் தலைகீழாயின. 2யூ.ஈ.யின் பெயரும் அலைவரிசையும் அப்படியே இருந்தன. அவை காப்பாற்றவில்லை. கே.ஜி.ஓ.வின் சரிவும் 2022இல் தொடங்கவில்லை. 2011 டிசம்பரில் புதிய உரிமையாளர் பழைய பேச்சாளர்களில் பெரும்பாலோரை ஒரே வீச்சில் நீக்கிச் செய்திக்கு மாறினார். பலகையில் கே.ஜி.ஓ. என்றே இருந்தது, ஆனால் மக்கள் தேடிவந்த ஆட்கள் அங்கு இல்லை.

ஆகவே மாற்றத்தைப் பற்றிப் பேசும் முன் மூன்று எண்களை, குறைந்தது கடந்த எட்டுக் காலாண்டுகளுக்கு, அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். வாரத்தில் ஒருமுறையேனும் வந்துபோகும் நேயர் எத்தனை பேர், ஒருவர் சராசரியாக எத்தனை மணிநேரம் கேட்கிறார், விற்ற விளம்பர நேரம் எத்தனை சதவீதம். வருவோர் குறைந்து, வந்தவர் கேட்கும் நேரம் குறையாமல் இருந்தால் நோய் ஒலிபரப்பில் இருக்கிறது. புதியவர்கள் அந்த அலைவரிசையின் பக்கமே வருவதில்லை. வருவோர் குறையாமல், கேட்கும் நேரம் மட்டும் தேய்ந்தால் நிகழ்ச்சியில் பழுது. நேயரும் நேரமும் நிலையாக இருந்து விளம்பரம் மட்டும் வராவிட்டால், பெரிய நிறுவனங்கள் அந்தப் பேச்சின் அருகில் தங்கள் பெயர் வரக்கூடாது என்று ஒதுக்கியிருக்கின்றன. இந்த மூன்றில் எதையும் பெயர்மாற்றம் நேரடியாகச் சரிசெய்வதில்லை. ஆனால் கூட்டங்களில் முதலில் முன்வைக்கப்படுவது பெரும்பாலும் அதுதான், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் அது ஒன்றே.

அளவிடும் முறையையும் கணக்கில் எடுக்க வேண்டும். பிரிட்டனிலும் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் கணக்கெடுப்பின் அடித்தளம் நாட்குறிப்பு: நேயர் தான் கேட்ட நிலையத்தை நினைவிலிருந்து குறிக்க வேண்டும். அங்கே பெயர்தான் அளவுகோல். பெயர் மாறிய முதல் இரண்டு மூன்று கணக்கெடுப்புகளில், கேட்டுக்கொண்டே இருப்பவர்கூடப் பழைய பெயரைத் தேடுவார், அல்லது போட்டி நிலையத்தின் பெயரைக் குறித்துவிடுவார். அமெரிக்காவின் பெரிய நகரங்களில் 2007க்குப் பிறகு வந்த கையடக்கக் கருவி, ஒலியில் பதிந்த குறியீட்டைத் தானே கேட்டுப் பதிகிறது. பெயர் நினைவிருக்கிறதா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அதனால் நாட்குறிப்பு நாட்டில் பெயர்மாற்றத்தின் உண்மையான விலை அதிகம். அந்த இறக்கத்துக்கான பணத்தை முன்கூட்டியே ஒதுக்காத நிறுவனம் பெயரைத் தொடக்கூடாது.

பெயரை வைத்துக்கொண்டு ஒலிபரப்பை மாற்றுவது

நோய் ஒலிபரப்பில் என்று தெரிந்தால் இதுதான் முதல் வழி. வாஷிங்டனின் டபிள்யூ.டி.ஓ.பி. முழுநேரச் செய்தி நிலையம், பேச்சு நிலையத்துக்கு நெருங்கிய உறவு. 2006 ஜனவரியில் அது மத்திய அலை (ஏ.எம்.) 1500இலிருந்து 103.5 பண்பலைக்குப் போனது. அதே பெயர், அதே குரல்கள். பழைய அலைவரிசையிலும் மார்ச் இறுதிவரை அதே நிகழ்ச்சிதான் ஓடியது. பின்னர் அது அமெரிக்காவிலேயே அதிக விளம்பர வருவாய் ஈட்டும் நிலையங்களின் வரிசைக்கு வந்தது. காலியான 1500இல் ஊரின் பெரிய செய்தித்தாளின் பெயரைச் சூட்டி 'வாஷிங்டன் போஸ்ட் ரேடியோ' தொடங்கினார்கள். 2007இலேயே அது முடிந்துபோனது. மதிப்புமிக்க பெயரும் நல்ல செய்தியாளர்களும் இருந்தும், இரவில் சில புறநகர்களில் தெளிவாகக் கேட்காத அலைவரிசையில் புதுப் பழக்கம் ஒன்றை உண்டாக்க முடியவில்லை.

லண்டனின் எல்.பி.சி. 1973 அக்டோபர் 8 அன்று தொடங்கியது, பிரிட்டனின் முதல் சட்டபூர்வ வணிக வானொலி. 1990களில் உரிமத்தை இழந்து, பெயரும் காணாமல்போய், 1996இல் பெயர் மட்டும் மத்திய அலையில் திரும்பியது. 2003இல் 97.3 பண்பலைக்கு மாறியது. 2014 பிப்ரவரி 11 முதல் டிஜிட்டல் வானொலி வழியாக நாடு முழுவதும். நாடளாவிய நிலையத்துக்கு 'லண்டன் பிராட்காஸ்டிங் கம்பெனி' என்ற விரிவு பொருந்தாது. எழுத்துகளைத் தொடாமல் விரிவை மட்டும் மாற்றினார்கள்: 'லீடிங் பிரிட்டன்'ஸ் கான்வர்சேஷன்'. அறிந்த மூன்றெழுத்தைக் காப்பாற்றிக்கொண்டு எல்லையை அகலமாக்கிய இந்த வேலையைத்தான் இந்தத் துறையின் மிக நேர்த்தியான பெயர்ப்பணி என்பேன்.

இந்த வழியில் தவறுகள் பெரும்பாலும் பொறியியலில் நடக்கும். பண்பலை பார்வைக்கோட்டை ஒட்டியே போகும். மத்திய அலை தரையைத் தழுவி மலைக்குப் பின்னும் போகும். ஊருக்கு வெளியே பழைய நேயர் எத்தனை பேர் என்று அஞ்சல் குறியீட்டு வாரியாக எண்ணாமல் மாறினால் அவர்கள் ஒரே நாளில் போய்விடுவார்கள். அமெரிக்காவில் மத்திய அலை நிலையங்கள் மலிவாகப் பண்பலை பெற 'டிரான்ஸ்லேட்டர்' என்ற சிறு ஒலிபரப்பியை வாடகைக்கு எடுப்பது வழக்கம். அதன் உச்ச சக்தி 250 வாட். உயரமான கோபுரத்தில் வைத்தால் நகர நடுவே நன்றாகக் கேட்கும், நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டினால் கரகரக்கும். அதை முழு நிலையமாக விளம்பரப்படுத்தினால் நம்பிவந்தவர் ஏமாறுவார்.

இன்னொன்று நேயர் அழைப்புகள். பழைய தொலைபேசி வழி வரும் குரல் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான். மத்திய அலையில் தொகுப்பாளரின் குரலும் குறுகியே இருப்பதால் வித்தியாசம் உறுத்தாது. பண்பலையில் தொகுப்பாளரின் குரல் 15,000 ஹெர்ட்ஸ் வரை விரியும்போது அழைப்பவர் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருப்பார். மாறுவதற்கு முன்பே இணையவழி அகன்ற குரல் இணைப்புகளை வாங்கி, அழைப்புகளுக்கெனத் தனி ஒலிச்சீரமைப்பு அமைக்க வேண்டும். தகாத பேச்சை வெட்டும் தாமதக் கருவி, ஒலி பண்பலைக்கும் மத்திய அலைக்கும் இணையத்துக்கும் பிரியும் இடத்துக்கு முன்னால் இருக்கிறதா என்று கம்பியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இணைய ஓடைக்கு மட்டும் தனிக் கம்பி போட்டு, வெட்டிய வசை அங்கே முழுதாக ஒலிப்பது அவசரத்தில் நிகழக்கூடிய பிழை.

பழைய, புதிய அலைவரிசைகள் இரண்டிலும் ஒரே ஒலிபரப்பு குறைந்தது மூன்று மாதம் ஓட வேண்டும். அதன் பிறகும் பழைய அலைவரிசையில் 'இந்த நிகழ்ச்சிகள் இப்போது இன்ன இடத்தில்' என்ற அறிவிப்பு மூன்று நான்கு வாரம் சுழல வேண்டும். காரின் நினைவு எண்ணை மாற்றிக்கொள்ள மனிதருக்கு அவ்வளவு நாள் ஆகும்.

பேச்சை வைத்துக்கொண்டு பொருளைக் குறுக்குவது

பிரிட்டனின் 1990 ஒலிபரப்புச் சட்டம் மூன்று நாடளாவிய வணிக உரிமங்களில் ஒன்று பெரும்பாலும் பேச்சாக இருக்க வேண்டும் என்றது. அதைப் பெற்ற 'டாக் ரேடியோ யு.கே.' 1995 பிப்ரவரி 14 அன்று தொடங்கித் தடுமாறியது. 1998இல் 'தி சன்' நாளிதழின் முன்னாள் ஆசிரியர் கெல்வின் மெக்கன்சி பொறுப்பேற்றார். இசைக்கு மாற உரிமம் விடாது. விளையாட்டும் பேச்சுதானே என்று 2000 ஜனவரி 17 அன்று 'டாக்ஸ்போர்ட்' ஆக்கினார். நேயர் யார் என்பது ஒரே சொல்லில் தெரிந்தது: பெரும்பாலும் ஆண்கள், வேலைக்குப் போகிறவர்கள். கார், பந்தயம், மது, கருவி விற்கும் நிறுவனங்களுக்கு அரசியல் சர்ச்சைப் பயமில்லாத இடம் கிடைத்தது. அந்தப் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

விளம்பரதாரர் ஒதுக்கும் நோய்க்கு இது நல்ல மருந்து. ஆனால் விலை வேறிடத்தில் இருக்கிறது, ஒலிபரப்பு உரிமைகளில். உரிமை இல்லாத தொடக்க நாட்களில் டாக்ஸ்போர்ட், 2000 ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையைத் தொலைக்காட்சியில் பார்த்தே வர்ணித்து, பி.பி.சி. நீதிமன்றம் போகும் நிலை வந்தது. பிறகு பிரீமியர் லீக் நேரடி உரிமைகளை வாங்கியே வளர்ந்தது. சிட்னியின் 2யூ.ஈ. 2018இல் இதே வழியில் 'மெக்குவாரி ஸ்போர்ட்ஸ் ரேடியோ' ஆனது. அதற்கு முன் 2016இலிருந்து 'டாக்கிங் லைஃப்ஸ்டைல்' என்று ஒரு பெயர் வேறு. விளையாட்டுப் பேச்சு 2019 முடிவதற்குள் நின்றது, பின் இசை வந்தது. அந்த ஊரின் பெரிய ஈர்ப்பான ரக்பி லீக் வர்ணனை அதே நிறுவனத்தின் 2ஜி.பி.யில் இருந்தது. ஆட்டம் பக்கத்து வீட்டில் நடக்க, ஆட்டத்தைப் பற்றிய பேச்சு மட்டும் இங்கே. ஊரின் முதல் விளையாட்டுக்கு உரிமை கையில் இல்லையென்றால் இந்த வழியில் இறங்க வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது

நியூசிலாந்தின் கதையை விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே வெற்றியும் தோல்வியும் ஒரே சந்தையில் கிடைக்கின்றன. மீடியாவொர்க்ஸ் நிறுவனம் 2005இல் தொடங்கிய 'ரேடியோ லைவ்' முதலிடத்தை எட்டவில்லை. 2019 ஜனவரியில் அதை மூடி, தன் இசை நிலையத்தின் பெயரை நீட்டி 'மேஜிக் டாக்' என்றது. பழைய பாட்டுக் கேட்பவர்கள் பேச்சுக்கும் வருவார்கள் என்பது எண்ணம். பெயர் அதனால் முதியவர்கள் பக்கம் சாய்ந்தது. 2021 ஜனவரியில் தற்காலிகத் தொகுப்பாளர் ஒருவர் நாட்டின் பழங்குடிகளான மாவோரி மக்களை இழிவாகப் பேசிய நேயரை ஆமோதித்ததும் வோடஃபோன், கீவிபேங்க் ஆகியவை விளம்பரத்தை விலக்கின. அந்தப் பெயரைத் துறக்க நிறுவனத்துக்கு நியாயமான காரணம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

2022 மார்ச்சில் 'டுடே எஃப்.எம்.'. காலை நிகழ்ச்சிக்குத் தொலைக்காட்சியின் அறியப்பட்ட அரசியல் செய்தியாளர் டோவா ஓ'பிரையன். பெயர், பெரும்பாலான குரல்கள், பேச்சின் தொனி, இலக்கு வயது எல்லாம் ஒன்றாக மாறின. பழைய நேயர் பிடித்துக்கொள்ள ஓர் ஆணியும் மிஞ்சவில்லை. புதியவரோ பேச்சு வானொலிக்கு வந்து பழகாதவர். எதிரே 'நியூஸ்டாக் இசட்.பி.' மைக் ஹோஸ்கிங்கின் காலைக் குரலோடு அசையாமல் நின்றது. ஓராண்டு முடிந்ததும் இயக்குநர் குழு பணத்தை நிறுத்தியது. மூடப்போகிறார்கள் என்பதை ஊழியர்கள் நேரலையிலேயே சொன்னார்கள், பிறகு பாட்டு ஓடியது.

இதோடு ஒப்பிட வேண்டியது அந்தப் போட்டி நிலையத்தின் பிறப்பு. 1987இல் ஆக்லாந்தின் 1இசட்.பி., அப்போது அரசுக்குச் சொந்தமான வணிக நிலையம், இசையை விட்டுப் பேச்சுக்கு மாறியது. காலைக்குப் பால் ஹோம்ஸ் வந்தார். முதல் கணக்கெடுப்புகளில் நேயர் கொத்தாகப் போனார்கள், விளம்பரதாரர்கள் கொதித்தார்கள். ஆனாலும் பின்வாங்கவில்லை. நேயர் திரும்பினார்கள், நிலையம் முதலிடத்துக்கு வந்தது. இரண்டுக்கும் இடையே இரு வேறுபாடுகள் தெரிகின்றன. 1987இல் 'இசட்.பி.' என்ற பழைய எழுத்துகளும் இடமும் கைவிடப்படவில்லை. பள்ளத்தைத் தாங்கும் பணமும் மனமும் உரிமையாளரிடம் இருந்தன. மூன்று ஆணிகளையும் பிடுங்கத் துணிபவர் குறைந்தது மூன்றாண்டுச் சம்பளத்தைத் தனிக்கணக்கில் போட்ட பிறகே தொடங்க வேண்டும் என்பது என் முடிவு. ஓராண்டுப் பணத்தோடு தொடங்குவது தொகுப்பாளர்களுக்கும் நேயர்களுக்கும் செய்யும் அநியாயம்.

பெயரே மாற்றத்தான் வேண்டுமென்றால் சில்லறை விவரங்கள் முக்கியம். பண்பலைக் கார் வானொலியில் நிலையப் பெயர் காட்டும் இடம் எட்டு எழுத்துதான், ஆங்கில எழுத்தும் இடைவெளியும் சேர்த்து. 'நியூஸ்டாக்' ஆங்கிலத்தில் சரியாக எட்டு. டிஜிட்டல் வானொலியில் பதினாறு. குரலுக்குப் பதில் சொல்லும் ஒலிபெருக்கிகளிடம் பெயரைச் சொல்லி, வெவ்வேறு வயதினர் இருபது பேரைக் கொண்டு சோதிக்க வேண்டும். அயர்லாந்தில் ஏற்கெனவே ஒரு நாடளாவிய 'டுடே எஃப்.எம்.' இருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னால் கருவி டப்ளினைத் தேடிப்போக வாய்ப்புண்டு. தொகுப்பாளரின் பெயரை நிலையத்துக்குச் சூட்டுவதும் ஆபத்து: பாஸ்டனில் 2010இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற வலதுசாரிப் பேச்சாளர் ரஷ் லிம்பாவின் பெயரில் வந்த 'ரஷ் ரேடியோ 1200' 2012இல் நகைச்சுவை நிலையமாகிவிட்டது. லிம்பா 2021 பிப்ரவரியில் இறந்தபோது அவர் நேரத்தை நிரப்ப வந்தவர்களை, நிலையப் பெயர் வேறாக இருந்த இடங்களில், பலகை மாற்றாமல் உட்கார வைக்க முடிந்தது.

வானொலியைத் தொலைக்காட்சியாக்குவது

பிரிட்டனில் 'டாக்ரேடியோ' என்ற வேறொரு நிலையம் 2016 மார்ச்சில் டிஜிட்டல் வானொலியில் வந்தது. அதன் உரிமையாளர் 2022 ஏப்ரல் 25 அன்று 'டாக்டிவி'யைத் தொடங்கி, இரண்டையும் பிணைத்தார். 2024இல் தொலைக்காட்சி அலைவரிசையை விட்டு இணையத்துக்குப் போனது. இப்போது வெறும் 'டாக்'. ஸ்டூடியோவில் இரண்டு மூன்று கேமரா வைத்து யூடியூபில் விடுவது நல்ல, மலிவான சேர்க்கை. முழுத் தொலைக்காட்சி அட்டவணை வேறு தொழில்: ஒளியமைப்பு, ஒப்பனை, படத்தொகுப்பு என்று சம்பளப் பட்டியல் நீளும், பேச்சின் ஓட்டமும் படத்துக்காக வளையும். 'டாக்' என்ற பொதுச்சொல்லைத் தேடுபொறியில் தேடிக் கண்டுபிடிப்பதும் கடினம்.

பேச்சை விட்டுவிடுவது, நிலத்தை விற்பது

மத்திய அலை நிலையத்தின் செலவு வெளியே தெரியாது. 50 கிலோவாட் ஒலிபரப்பி, சுமார் 87 சதவீதத் திறனில், ஆண்டு முழுக்க ஓடினால் ஒலியைச் சுமக்கும் ஊர்தியலைக்கு மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் யூனிட் மின்சாரம். கோபுரத்தின் அடியில், வழக்கமான முறைப்படி, 120 செப்புக் கம்பிகள் கால் அலைநீளத்துக்குப் புதைக்கப்படும். 630 கிலோஹெர்ட்ஸில் அது ஒவ்வொன்றும் 119 மீட்டர், கோபுரம் ஒன்றுக்கு 14 கிலோமீட்டர் கம்பி. நான்கு கோபுரம் என்றால் நிலம் எவ்வளவு வேண்டும் என்று எண்ணிக்கொள்ளலாம். நகரம் அந்த நிலத்தைச் சுற்றி வளர்ந்துவிட்டது. லாஸ் ஏஞ்சலஸில் கே.ஏ.பி.சி. நிலையத்தின் சுமார் 10 ஏக்கர் நிலம் 12.5 கோடி டாலருக்குப் போனது. நியூயார்க்கின் புகழ்பெற்ற பேச்சு நிலையமான டபிள்யூ.ஏ.பி.சி., 2019இல் ஒத்துக்கொண்ட விலையில், 1.25 கோடி டாலருக்கே கைமாறியது. வயல்போல் கிடந்த நிலம் பேசும் நிலையத்தைவிடப் பத்து மடங்கு.

இந்தக் கணக்கைப் பார்த்த உரிமையாளர் நிலத்தை விற்க விரும்புவது இயல்பு. அதைக் குறை சொல்லவில்லை. எந்த வரிசையில் செய்கிறார் என்பதில்தான் நேயர் பிழைப்பதும் போவதும் இருக்கிறது. வாஷிங்டனின் டபிள்யூ.எம்.ஏ.எல். 630இல் பேசிக்கொண்டிருந்தது, கோபுரங்கள் புறநகரான பெதஸ்டாவில் 75 ஏக்கரில். 2011இல் 105.9 பண்பலையிலும் அதே நிகழ்ச்சியைச் சேர்த்தார்கள். 2018இல்தான் 630ஐ விட்டார்கள், அந்த அலைவரிசை விளையாட்டுக்குப் போனது. அதற்குப் பிறகே, 2020இல், கோபுரங்கள் சாய்ந்து நிலம் சுமார் 7.4 கோடி டாலருக்கு வீடு கட்டுவோரிடம் போனது. பெயர் அப்படியே இருந்தது. நேயருக்கு விரல் நகர்த்த ஏழாண்டு கிடைத்தது.